தங்கை கைத் தண்ணீர்

திருச்சியிலிருந்து தஞ்சாவூர் போகும் சாலையில் திருவெறும்பூரைத் தாண்டினால் துவாக்குடி வரும். மந்திரவாதிகளைப் பற்றியும் மாயசக்திகளைப் பற்றியும் யோசிப்பதற்கு ஏற்ற இடம் என்று அதை யாரும் சொல்லமாட்டார்கள். 1960-களில் செக்கோஸ்லோவாகியா நாட்டின் உதவியோடு எழும்பிய கொதிகலன் தொழிற்சாலை ஒரு பக்கம். 1964-ல் வட்டாரப் பொறியியல் கல்லூரியாகத் தோன்றி, 2003-ல் தேசியத் தொழில்நுட்பக் கழகமாகப் பெயர் மாறிய பெரிய கல்விக்கூடம் ஒரு பக்கம். நடுவே சிறிய பட்டறைகள், லாரிகள், இரும்புத் தூள் வாசனை. இங்கே மந்திரம் என்றால் வெல்டிங் பொறிதான்!

ஆனால் பாருங்கள், நான் தேடாத விஷயம் அங்கேதான் என் காலைச் சுற்றிக்கொண்டது.

ஒரு நண்பரைப் பார்க்கப் போயிருந்தேன். சாயங்காலம் ஆறரை மணி இருக்கும். மின்சாரம் போய்விட்டது. விசிறி நின்றதும் தெருவே வாசலுக்கு வந்துவிட்டது. நண்பரின் தாயார் மணப்பாறைப் பக்கத்துக்காரர், எண்பதைத் தாண்டியவர். பேரப்பிள்ளைகள் அவரை 'அப்பாயி' என்று கூப்பிடுவார்கள். அதைக் கேட்டுக் கேட்டுத் தெருப்பிள்ளைகளுக்கும் அவர் அப்பாயி ஆகிவிட்டார். திண்ணையில் அவர் உட்கார்ந்ததுதான் தாமதம், ஏழெட்டுக் குழந்தைகள் சூழ்ந்துகொண்டன. தொழிற்சாலை ஊர் அல்லவா? ஒரு பையன் பாலக்காட்டுக் குடும்பத்தைச் சேர்ந்தவன். இன்னொருவனுடைய தகப்பனார் வடக்கேயிருந்து வேலைக்காக வந்தவர். ஓரமாக, தூணைப் பிடித்துக்கொண்டு, பத்து வயதுப் பெண் ஒன்று. தாயாரை இழந்து, சித்தி வீட்டுக்கு வந்து இரண்டு வருஷம் ஆகிறதாம்.

அப்பாயி அண்ணன்மார் கதையை ஆரம்பித்தார். பொன்னர், சங்கர் என்ற இரண்டு அண்ணன்மார். அருக்காணித் தங்காள் என்ற ஒரே தங்கை. கதை முடிகிற கட்டத்தில் அண்ணன்மார் இருவரும் படுகளத்தில் மாண்டு கிடக்கிறார்கள். தங்கை காடெல்லாம் தேடி அழுதுகொண்டு வருகிறாள்; தண்ணீர் தெளிக்கிறாள்; அண்ணன்மார் கண் விழிக்கிறார்கள்.

தூணைப் பிடித்துக்கொண்டிருந்த பெண் கேட்டாள்:

"அண்ணங்க ரெண்டு பேரும் அவ்வளவு பலசாலின்னா, அந்த மந்திரத் தண்ணியை அவங்களே வச்சிருக்க வேண்டியதுதானே அப்பாயி? தங்கச்சிகிட்ட எதுக்கு?"

அப்பாயி பதில் சொல்வதற்குள் இரண்டாவது கேள்வி வந்தது. குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

"எனக்கு அண்ணன் இல்லையே. அப்ப எனக்கு அந்தச் சக்தி வராதா?"

அப்பாயி சற்று நேரம் பேசவில்லை. அப்பொழுது பார்த்து மின்சாரம் வந்து தொலைத்தது! பிள்ளைகள் எழுந்து ஓடிவிட்டார்கள். அந்தக் கேள்வி மட்டும் என்னோடு பஸ் ஏறித் திருச்சி வரைக்கும் வந்தது.

வீரப்பூர்க் கதை

அண்ணன்மார் கதை அப்பாயி வீட்டுச் சொத்து மட்டும் அல்ல. கொங்கு நாடு முழுவதும், காவிரிக்குத் தெற்கே மணப்பாறைச் சீமையிலும், உடுக்கை ஒலியோடு இரவு இரவாகப் பாடப்பட்டு வந்த பெருங்கதை. மணப்பாறைக்கு அருகேயுள்ள வீரப்பூரில் பெரியகாண்டியம்மனுக்கும் அண்ணன்மாருக்கும் கோயில் இருக்கிறது. மாசி மாதத்தில் நடக்கும் வேடபரி உற்சவத்துக்குக் கூட்டம் கூட்டமாக ஜனங்கள் வந்து சேருகிறார்கள்.

1960-களில் பிரெண்டா பெக் என்ற பெண்மணி காங்கேயம் பக்கத்துக் கிராமம் ஒன்றில் தங்கி ஆராய்ச்சி செய்தார். 1965-ல் ஊர்ப் பாடகர் ஒருவர் பல இரவுகள் இந்தக் கதையைப் பாட, அதை ஒலிநாடாவில் பதிவு செய்துகொண்டார். 1982-ல் அதைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு புத்தகம் எழுதினார். அதற்கு அவர் வைத்த பெயர் கவனிக்க வேண்டியது: 'மூன்று இரட்டையர்' என்று பொருள்படும் பெயர். இரட்டையர் எப்படி ஐயா மூவர் ஆக முடியும் என்று கேட்கத் தோன்றுகிறதல்லவா? அதில்தான் சூட்சுமம். அண்ணன்மார் இருவரையும் தங்கையிடமிருந்து பிரித்து எண்ணவே முடியாது. மூன்று பேரும் சேர்ந்தால்தான் கணக்குச் சரியாகிறது.

கதையில் சக்தி எப்படிப் பங்கிடப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். சங்கருக்கு வாள் பலமும் அடங்காத கோபமும். பொன்னருக்கு நிதானம். வருவதை முன்கூட்டி அறியும் சக்தியோ தங்காளுக்கு. அண்ணன்மாருக்கு ஆபத்து வருமானால் அது அவள் கனவில் முதலில் வருகிறது. இத்தனைக்கும் அவள் எந்தக் குருவிடமும் மந்திரம் கற்றவள் அல்ல. அண்ணன்மார் மேல் வைத்த பாசம் ஒன்றே அவள் பாடம். ஊரில் நாம் பார்ப்பதில்லையா? வெளியூரில் மகனுக்குக் காய்ச்சல் என்றால், கடிதம் வருமுன்பே தாய்க்கு வயிற்றைக் கலக்குகிறது. அந்த வயிற்றுக் கலக்கத்தைத்தான் கதை எடுத்துக் கிரீடம் வைத்துக் காட்டுகிறது.

கதையில் ஒரு நாய்க்குட்டியும் உண்டு. பெயர் பொன்னாச்சி. கொம்பன் என்ற பயங்கரமான காட்டுப் பன்றியை வேட்டையாடப் புறப்படுகிறார்கள். பெக் அம்மையார் பதிவு செய்த வடிவத்தில், "இந்தச் சின்ன நாய் எதற்கு?" என்று பொன்னாச்சியை விட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். பொன்னாச்சிக்கு மானம் போய்விட்டது! அதன் கோபம் வேட்டைக்குப் போனவர்களைத் தாக்குகிறது, காரியம் கைகூடவில்லை. பிறகு தவற்றை உணர்ந்து மரியாதையாக அழைத்த பிறகுதான் அது வருகிறது. வந்ததும் யாராலும் ஆகாததைச் செய்து கொம்பனை மடக்குகிறது. 'நீயும் எங்களைச் சேர்ந்தவள்' என்ற வார்த்தைக்காகத்தான் அந்தச் சின்ன உடம்பில் இருந்த பெரிய சக்தி காத்துக்கொண்டிருந்தது.

படுகளம்

இது கதையோடு நின்றுவிடவில்லை என்பதுதான் ஆச்சரியம். அண்ணன்மாரைக் கும்பிடும் ஊர்களில் கதையின் கடைசிக் கட்டத்தைத் திருவிழாவில் நடத்துகிறார்கள். அதற்குப் 'படுகளம்' என்று பெயர். அண்ணன்மாரும் அவர்களுடைய படையும் மாண்ட நேரம் வரும்போது, விரதம் இருந்த ஆண்கள் அருள் வந்து வேரற்ற மரம்போல் மண்ணில் சாய்கிறார்கள். அசைவில்லை. அவர்கள் மேல் வெள்ளைத் துணி போர்த்துகிறார்கள். வீட்டுப் பெண்கள் சுற்றி உட்கார்ந்து அழுகிறார்கள். அது நடிப்பு அழுகை என்று பக்கத்தில் நின்று பார்த்தவர்கள் சொல்லமாட்டார்கள்.

பிறகு தங்காளாக நிற்கிற பெண் வருகிறாள். தீர்த்தம் தெளிக்கிறாள். விழுந்து கிடந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்திருக்கிறார்கள்.

பெரிய மருளாளிகள் கூடியிருக்கிறார்கள், பூசாரி இருக்கிறார், உடுக்கை அடிப்பவர் இருக்கிறார். எழுப்புகிற உரிமை மட்டும் தங்கைக்கு. அந்த நேரத்தில் அந்த மைதானத்தில் அதிகமாக இழந்தவள் அவள்தான் என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

நம் ஊர்க் கணக்கு

இந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தால், நாம் சிறு வயதில் கேட்ட கதைகளெல்லாம் வேறு விதமாகத் தெரிகின்றன.

கண்ணகியை எடுத்துக்கொள்ளுங்கள். கணவன் மாதவி வீட்டில் இருந்த காலமெல்லாம் அவளுக்கு எந்தச் சக்தியும் இருந்ததாகத் தெரியவில்லை. சோமகுண்டம், சூரியகுண்டம் என்ற துறைகளில் மூழ்கிக் காமவேளைத் தொழுதால் கணவன் திரும்புவான் என்று தோழி தேவந்தி வழி சொன்னபோதுகூட, அது பெருமையாகாது என்று மறுத்துவிட்டவள். அவளுக்கென்று இருந்த ஒரே உறவை மதுரையில் அநியாயமாக வெட்டியபோதுதான் நெருப்பு அவள் சொல்லைக் கேட்டது.

விக்கிரமாதித்தன் கதைக்கு வாருங்கள். ராஜா விக்கிரமாதித்தன் சிம்மாசனத்தில் ஆயிரம் ஆண்டு இருந்து ஆள வரம் வாங்கி வருகிறான். மந்திரி பட்டியோ சாமர்த்தியமாக இரண்டாயிரம் ஆண்டு ஆயுள் வாங்கிவிடுகிறான். ராஜா போன பிறகு ஆயிரம் வருஷம் தனியாக இருந்து என்ன செய்வது? அப்பொழுது பட்டி சொல்கிற யுக்திதான் 'காடு ஆறு மாதம், நாடு ஆறு மாதம்'. வருஷத்தில் பாதி நாள்தான் சிம்மாசனத்தில் உட்காருகிறாய். ஆகவே உன் ஆயிரமும் இரண்டாயிரம் ஆகிவிடும் என்கிறான். தெய்வம் கொடுத்தது ஆயிரம். சிநேகம் அதை இரட்டிப்பாக்கியது. நம் கதைகளிலே இதைவிட அழகான கூட்டல் கணக்கு கிடையாது என்பது என் அபிப்பிராயம்.

இதற்கு நேர் எதிரானவன் ஏழு கடல் தாண்டிய மந்திரவாதி. அவனுடைய உயிர் அவனிடம் இல்லை. எங்கோ ஒரு குகையில், கூண்டில், கிளிக்குள் இருக்கிறது. ருஷ்ய நாட்டுக் கதையிலும் கோஷ்சேய் என்ற ஒருவன் தன் உயிரை முட்டைக்குள் ஒளித்து வைத்திருக்கிறான். இவர்கள் எவரையும் நம்பாதவர்கள், எவருக்கும் சொந்தமில்லாதவர்கள். கடைசியில் எப்படிச் சாகிறார்கள்? சிறையெடுத்து வந்த ராஜகுமாரியிடம் ரகசியத்தைச் சொல்லிவிடுகிறார்கள்! சிறு வயதில் 'இவ்வளவு பெரிய மந்திரவாதி இப்படி முட்டாளாக இருக்கிறானே' என்று நினைத்திருக்கிறேன். இப்பொழுது அப்படித் தோன்றவில்லை. ஏழு கடல் தாண்டிப் போனாலும், ஒரு ஜீவனிடமாவது மனசைத் திறக்காமல் அவனால் இருக்க முடியவில்லை. பாவம்!

திருச்சிக்காரர்களுக்கு இதெல்லாம் புதிதல்ல. தைப்பூசத்தன்று சமயபுரம் மாரியம்மன் கொள்ளிடக் கரைக்கு எழுந்தருளுகிறாள். ஸ்ரீரங்கத்திலிருந்து அண்ணன் ரங்கநாதர் தங்கைக்குச் சீர் அனுப்புகிறார். சைவம், வைணவம் என்று பண்டிதர்கள் வாதாடட்டும்; ஆற்றங்கரையில் அண்ணன் தங்கை உறவு சௌக்கியமாக நடக்கிறது. ஊரையே காக்கிற அம்மனுக்கும் பிறந்த வீட்டுச் சீர் வேண்டியிருக்கிறது!

கடல் கடந்தும்

அந்நிய தேசத்துக் கற்பனைக் கதைகளும் இதே இடத்துக்குத்தான் வந்து சேருகின்றன. 1997-ல் முதல் புத்தகம் வெளிவந்த ஹாரி பாட்டர் கதையை நம் வீட்டுப் பிள்ளைகள் தலைகீழாகச் சொல்வார்கள். குழந்தையாக இருந்த ஹாரியைக் கொடிய மந்திரவாதியிடமிருந்து காப்பாற்றியது, அவனுக்காகத் தாய் தன் உயிரைக் கொடுத்த அன்பு. அந்தக் காவல் நீடிக்க ஒரு நிபந்தனை உண்டு. தாயின் ரத்தம் ஓடுகிற பெரியம்மா வீட்டை அவன் தன் வீடு என்று சொல்லிக்கொள்ளும் வரையில், பதினேழு வயது முடியும் மட்டும், அது செல்லும். அந்தப் பெரியம்மா அவனைக் கொஞ்சிச் சீராட்டியவள் அல்ல. முகம் சுளித்துக்கொண்டே சோறு போட்டவள். ஆனாலும் கதவைத் திறந்து உள்ளே விட்டாளே, அந்த ஒன்றுக்குத்தான் அவ்வளவு பலம்.

அமெரிக்க எழுத்தாளர் அர்சுலா லெ குவின் 1968-ல் எழுதிய ஒரு நாவலில், ஒவ்வொருவருக்கும் ரகசியமான உண்மைப் பெயர் ஒன்று உண்டு. அதை அறிந்தவன் கையில் அவனுடைய உயிரே இருக்கிறது. கெட் என்ற இளைஞன் கர்வத்தால் பெரிய தவறு செய்து, எல்லாம் இழந்து, தலை குனிந்து நிற்கும்போது, தோழன் ஒருவன் வந்து தன்னுடைய உண்மைப் பெயரை அவனிடம் சொல்லிவிடுகிறான். மந்திரப் பள்ளிக்கூடத்தில் படித்த அத்தனை பாடமும் செய்யாத வைத்தியத்தை அந்த ஒரு பெயர் செய்கிறது.

மறுபக்கம்

இவ்வளவும் சொன்ன பிறகு, கசப்பான பக்கத்தை மறைத்துவிட்டுப் போவது நியாயமல்ல. உறவு சக்தி தருகிறது என்றால், உறவு இல்லாதவன் கதி என்ன?

அண்ணன்மார் கதையிலேயே இதற்குச் சாட்சிகள் இருக்கின்றன. அண்ணன்மாருக்குத் தோள் கொடுத்த சாம்புவன் பிறப்பால் அவர்கள் வீட்டைச் சேர்ந்தவன் அல்ல. அந்தக் காலத்து ஊர் அவனை வாசலுக்கு வெளியே நிறுத்தியது. எதிர்ப் பக்கத்து வேட்டுவர்களுக்கும் ஒரு தங்கை உண்டு. கொம்பன் அவளுக்குச் செல்லம். அவள் அழுகையை நம் பாட்டில் யாரும் நின்று கேட்பதில்லை. ஒரு வீட்டின் பாசம் இன்னொரு வீட்டுக்கு நெருப்பாகிவிடுகிறது.

ஊரில் சாமியாடுகிற உரிமையும் அப்படித்தான். பெரும்பாலான குலதெய்வக் கோயில்களில் அது பங்காளிகளுக்குள்ளேயே சுற்றி வருகிறது. கல்யாணம் ஆன பெண்ணுக்குப் பிறந்த வீட்டுச் சாமி போய்ப் புகுந்த வீட்டுச் சாமி வருகிறது. 'நீ யாருடைய பிள்ளை?' என்ற கேள்வி, அணைத்துக்கொள்ளவும் பயன்படும். கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளவும் பயன்படும்.

தூணைப் பிடித்துக்கொண்டு நின்ற அந்தப் பெண் கேட்டதும் இதைத்தானே?

ஆனால் இதற்குப் பதிலாக நம் திருச்சி மலைக்கோட்டையில் ஒரு சுவாமி இருக்கிறார். ரத்னாவதி என்ற பெண்ணுக்குப் பிரசவ வேதனை. தாய் வந்துகொண்டிருக்கிறாள், காவிரியில் வெள்ளம், கடக்க முடியவில்லை. சிவபெருமானே அந்தத் தாயின் உருவத்தில் வந்து பிரசவம் பார்த்தார் என்பது ஸ்தல புராணம். வெள்ளம் வடிந்து நிஜத் தாய் வந்து நின்றபோதுதான் விஷயம் தெரிந்தது. அதனால்தான் அவர் 'தாயும் ஆனவர்'. பரமசிவனுக்குத் தெரியாத மந்திரமா? காவிரியை ஒரு நொடியில் வற்ற வைத்திருக்கலாமே! அப்படிச் செய்யவில்லை. அந்த நேரத்தில் அந்த வீட்டுக்குத் தேவைப்பட்டது தாய், ஆகவே தாயானார். உறவு என்பது ரத்தத்தில் வருவது மட்டுமல்ல, எடுத்துக்கொள்வதும்தான் என்பதை அந்த மலை நெடுங்காலமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறது.

மறுபடியும் துவாக்குடி

அடுத்த மாதம் மறுபடியும் துவாக்குடிக்குப் போனேன். வேறு வேலையாகத்தான் என்று நண்பரிடம் சொன்னேன், அவர் நம்பவில்லை.

தெருவில் பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருந்தார்கள். அண்ணன்மார் விளையாட்டு! பாலக்காட்டுப் பையன் பொன்னர். வடக்கத்திப் பையன் சங்கர். இருவரும் கண்ணை இறுக மூடிக்கொண்டு வாசல் மண்ணில் மாண்டு கிடந்தார்கள். அவர்கள் மேல் யாருடைய வேஷ்டியோ போர்த்தியிருந்தது. வீட்டுக்காரர்கள் இன்னும் கவனிக்கவில்லை போலிருக்கிறது.

அந்தப் பெண் கையில் சொம்புத் தண்ணீரோடு நின்றுகொண்டிருந்தாள். ஒரு தடவை தெளித்தாள். பையன்கள் அசையவில்லை. இன்னொரு தடவை தெளித்தாள். சங்கருக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டான்.

"எந்திரிக்க மாட்டேங்கறாங்க அப்பாயி" என்றாள் அவள். "நான் நிஜத் தங்கச்சி இல்லைல்ல, அதான்."

அப்பாயி திண்ணையிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

"அடி போடி பைத்தியக்காரி" என்றார். "தண்ணியில என்னம்மா இருக்கு? அது நம்ம வீட்டுக் குழாய்த் தண்ணி. நீ இன்னும் அவங்களைக் கூப்பிடவே இல்லையே. தங்கா ஊமையாவா வந்தா? கூப்பிட்டுக்கிட்டில்ல வந்தா? கூப்பிடு!"

அந்தப் பெண் ஒரு கணம் தயங்கினாள். பிறகு, தெருக்கோடி வரைக்கும் கேட்கும்படியாக, "அண்ணா!" என்று கூப்பிட்டாள்.

இரண்டு பையன்களும் ஒரே சமயத்தில் எழுந்து உட்கார்ந்தார்கள்.

உள்ளே அடுப்பைக் கவனித்துக்கொண்டிருந்த அவளுடைய சித்தி, என்னமோ ஏதோ என்று கரண்டியும் கையுமாக ஓடி வந்து, "என்னடி கண்ணு, என்ன ஆச்சு?" என்று கேட்டுக்கொண்டே நின்றாள்.

அப்பாயி என் பக்கம் திரும்பினார்.

"பாத்தீங்களா தம்பி? அவ கூப்பிட்டது ரெண்டு பேரை. வந்தது மூணு பேரு" என்றார்.